மீனம்பாக்கம் போகும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாவரத்தில் குடியிருப்பவனைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சென்னை விமான நிலைய விசாரணை அலுவலகமாக நியமித்துவிடுகிறார்கள். துபாய்க்குப் போகும் தங்கை மாப்பிள்ளை, அமெரிக்காவிலிருந்து வரும் மகளை அழைக்கக் கார் எடுத்துக்கொண்டு வரும் பெரியப்பா, முதல்முறை விமானம் ஏறும் சித்தி என்று யாராவது ஒருவர் வாரம் தவறாமல் கைபேசியில் அழைக்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பதினைந்து முறை சொன்ன பிறகு எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. பேச்சு வழக்கை மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

விமான நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறதா, திரிசூலத்தில் இருக்கிறதா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

பெயர் மீனம்பாக்கம், வாசல் திரிசூலம். பழைய முனையக் கட்டடம் மீனம்பாக்கம் பக்கம் இருந்ததால் அந்தப் பெயரே ஊர் வாயில் நிலைத்துவிட்டது. இன்று பயணிகள் போகும் முனையங்கள் எல்லாம் திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையின் மறுபக்கம் இருக்கின்றன.

இதில் ஒரு பொறி உண்டு. மின்சார ரயிலிலும் மீனம்பாக்கம் என்று ஒரு நிலையம் இருக்கிறது, மெட்ரோவிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. இரண்டுமே விமான நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்னால் வருபவை. பெயரை நம்பி இறங்கிவிட்டுப் பெட்டியோடு வெயிலில் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மின்சார ரயிலில் வந்தால் திரிசூலம். மெட்ரோவில் வந்தால் 'விமான நிலையம்' என்ற கடைசி நிலையம். வேறெங்கும் இறங்க வேண்டாம்.

டி1, டி2, டி4 என்று போட்டிருக்கிறது. டி3 எங்கே போயிற்று?

இடித்துவிட்டார்கள். பழைய பன்னாட்டு வருகைக் கட்டடம்தான் அந்த எண்ணில் இருந்தது. 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் திறந்து வைத்த புதிய ஒருங்கிணைந்த முனையம்தான் டி2. அதன் இரண்டாம் கட்டத்துக்காகப் பழையதை அகற்றினார்கள். எண்ணை மட்டும் யாரும் திருத்தவில்லை.

இப்போதைய கணக்கு எளிது. வெளிநாடு போகவும் வரவும் டி2. உள்நாட்டுக்கு டி1, டி4 இரண்டும். டி4 என்பது முன்பு பன்னாட்டுப் புறப்பாட்டுக்குப் பயன்பட்ட கட்டடம். 2023 கடைசியில் உள்நாட்டுக்கு மாற்றினார்கள். அதனால் "உள்நாட்டு முனையத்தில் இறக்கிவிடுங்கள்" என்று ஓட்டுநரிடம் சொன்னால் போதாது. டிக்கெட்டில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். காமராஜர் முனையம், அண்ணா முனையம் என்று பழைய பழக்கத்தில் சொல்பவர்களுக்கு இரட்டிப்புக் குழப்பம், ஏனென்றால் பன்னாட்டு முனையமாக இருந்த அண்ணா பெயர்க் கட்டடத்திலிருந்துதான் இப்போது உள்நாட்டு விமானங்கள் போகின்றன.

ஊருக்குள் போக எது நல்லது? டாக்சியா, மெட்ரோவா, மின்சார ரயிலா?

பெட்டி எத்தனை, நேரம் என்ன, எங்கே போகிறீர்கள் என்ற மூன்றையும் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். ஒரு பெட்டி, பகல் நேரம், அண்ணா சாலை பக்கம் என்றால் மெட்ரோவை விட்டு வேறெதையும் யோசிக்காதீர்கள். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ வந்தது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் சுரங்கப் பாதை முழுமையானது. கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, சென்ட்ரல், உயர் நீதிமன்றம் எல்லாம் ஒரே ரயிலில் போகலாம். உச்சக் கட்டணத்தை 2021இல் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தார்கள். சாயங்காலம் கத்திப்பாராவில் நிற்கும் கார்களை மேலிருந்து பார்த்துக்கொண்டே போகும் சுகத்துக்குத் தனியாகப் பணம் கிடையாது.

மின்சார ரயில் அதைவிட மலிவு. திரிசூலத்திலிருந்து மாம்பலம், எழும்பூர், கடற்கரை எங்கே போனாலும் சாதாரண ரயிலில் பத்து ரூபாயைத் தாண்டாது. 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது, அதற்குக் கட்டணம் பல மடங்கு. ஆனால் காலை எட்டு முதல் பத்து வரை பெட்டியோடு அந்த ரயிலில் ஏறுவது எனக்குத் தெரிந்து யாருக்கும் நல்ல அனுபவமாக இருந்ததில்லை. பராமரிப்பு வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்களை ரத்து செய்வதும் உண்டு. முதல் நாள் செய்தித்தாளைப் பார்த்துவிடுங்கள்.

வயதானவர்கள், மூன்று பெட்டிகள், கைக்குழந்தை என்றால் டாக்சிதான். இதில் வீராப்பு வேண்டாம்.

மெட்ரோவில் எழும்பூர் போக ஆலந்தூரில் மாற வேண்டும் என்கிறார்கள், சிலர் சென்ட்ரல் போய்த் திரும்பு என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. விமான நிலையத்திலிருந்து கிளம்புவது நீல வழித்தடம். எழும்பூர் இருப்பது பச்சை வழித்தடம். ஆலந்தூரில் மாறினால் வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் என்று நகரத்தின் மேற்கைச் சுற்றிக்கொண்டு எழும்பூர் வரும். சென்ட்ரல் வரை நேராகப் போய் அங்கே பச்சைக்கு மாறினால் அடுத்த நிலையமே எழும்பூர். எனக்கு இரண்டாவது வழி பிடிக்கும்.

ஆனால் எழும்பூர் மட்டுமே போக வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டுத் திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறுங்கள். மாறவே வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவதைவிடச் சுரங்க நடைபாதையில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பது எளிது.

பெயர்ப் பலகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். மத்திய மெட்ரோ' என்றால் சென்ட்ரல். 'அறிஞர் அண்ணா ஆலந்தூர்' என்றால் ஆலந்தூர்தான்.

இரவு இரண்டு மணிக்கு இறங்குகிறேன். ரயில் இருக்குமா?

இருக்காது. மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்று காலை 5 மணி வாக்கில்தான் தொடங்கும். மின்சார ரயில் அதற்குக் கொஞ்சம் முன்பே, நான்கு மணியை ஒட்டி வரத் தொடங்கிவிடும். வளைகுடா, சிங்கப்பூர், கொழும்பு என்று வெளிநாட்டு விமானங்கள் பலவும் மெட்ரோ தூங்கும் நேரத்தில்தான் வந்து இறங்குகின்றன. விமான நிலையத்துக்கென்றே ஒரு வழித்தடத்தைக் கொண்டுவந்துவிட்டு, அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறோம் என்பது என் நெடுநாள் புலம்பல். தண்டவாளப் பராமரிப்புக்கு இரவு வேண்டும் என்பது நியாயமான பதில்தான். இரவில் ஒரு பஸ்ஸாவது மெட்ரோ போகும் வழியிலேயே நின்று நின்று போகலாமே என்பதற்குத்தான் எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் இறங்குகிறவர்கள் ஒரு காபி குடித்துவிட்டு முதல் ரயிலுக்குக் காத்திருக்கலாம். என் மாமா ஒருவர் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறார். அவர் பணம் சேர்த்தவர்.

செயலியில் டாக்சி போட்டேன். 'வந்துவிட்டேன்' என்கிறார் ஓட்டுநர். ஆளைக் காணோம். எங்கே நிற்பார்?

வாசலில் நிற்க மாட்டார். 2022 டிசம்பரில் திறந்த பல அடுக்குக் கார் நிறுத்தத்தில் நிற்பார். அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கலாம். கடைகளும் திரையரங்கும்கூட இருக்கின்றன. விமானம் தாமதமானால் படம் பார்க்கலாம் என்று கட்டியிருப்பார்கள். டாக்சி தாமதமானாலும் இடைவேளை வரை பார்க்கலாம்.

முனையக் கதவுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் குடும்பச் சண்டைகள் நடக்கின்றன. ஒருமுறை என் அத்தை வருகை வாசலில் நின்றுகொண்டு "நான் வெளியேதான் இருக்கிறேன்" என்றார். நான் கார் நிறுத்தத்தின் இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டு "நானும் வெளியேதான் இருக்கிறேன்" என்றேன். இருபது நிமிடம் போனது. அதிலிருந்து என் வழக்கம் இது: பெட்டி கைக்கு வந்த பிறகுதான் டாக்சி போட வேண்டும், எந்தத் தளம், எந்தத் தூண் என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத்தான் நடக்கத் தொடங்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி கார் கேளுங்கள்.

மதுரை போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து கோயம்பேடு போகவா, கிளாம்பாக்கம் போகவா?

கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தெற்கே போகும் பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. கோயம்பேட்டுக்குப் போனால் எதிர்த் திசையில் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். சாலையிலேயே மாநகரப் பேருந்து கிடைக்கும்.

அந்தப் பஸ் நிலையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்புக்குத் திட்ட அறிக்கை தயாரானது, மதிப்பீடு 9,335 கோடி ரூபாய். மக்களை முதலில் அனுப்பிவிட்டுத் தண்டவாளத்தைப் பிறகு போடுவது இந்த நகரத்தின் பழக்கம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை. 2008இல் வேலை தொடங்கி, நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில் சிக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

ரயிலில் தெற்கே போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது ஒன்றைத்தான். பல தென்மாவட்ட ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். திரிசூலத்திலிருந்து தாம்பரம் மின்சார ரயிலில் நான்காவது நிலையம். எழும்பூர் போய் ஏறி, வந்த வழியே திரும்பி, இறங்கிய விமான நிலையத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடம் தாம்பரம் என்று போட்டுவிடுங்கள். ஊரிலிருந்து விமானம் பிடிக்க வருகிறவர்களும் தாம்பரத்திலேயே இறங்கலாம்.

ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போகிறவர்களுக்கு என்ன வழி?

சாலைதான். பல்லாவரம் – துரைப்பாக்கம் ஆரச் சாலை, கீழ்க்கட்டளை, பள்ளிக்கரணை வழியாக நேரே கொண்டுபோய் விடும். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் ஆலந்தூர், மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாகப் போகிறது. அது வந்தால் ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். இரண்டாம் கட்டத்தின் மூன்று தடங்களில் ஒன்றுகூட விமான நிலையத்தைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எத்தனை மணி நேரம் முன்பு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்?

பெரும்பாலான நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணத்துக்குப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே பெட்டி வாங்கும் கவுன்ட்டரை மூடிவிடுகின்றன. அதனால் புறப்படும் நேரத்தை மறந்துவிட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முந்தைய நேரத்தைத்தான் விமான நேரமாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுக்கு இரண்டு மணி, வெளிநாட்டுக்கு மூன்று மணி முன்பு முனைய வாசலில் நின்றால் போதும். வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டாமல் உள்ளே விட மாட்டார்கள். வழியனுப்ப வந்த பதினொரு பேரும் வெளியேதான்.

சாலையில் வருகிறவர்கள் கிண்டிக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் மாலை நேரத்தில் என்ன நடக்கும் என்று கணிக்கப் பார்க்காதீர்கள். நேரம் நெருக்கினால் காரை ஆலந்தூர் மெட்ரோ அருகே நிறுத்தச் சொல்லி இறங்கி ரயிலேறுங்கள். என் நண்பர்கள் இரண்டு பேர் அப்படி விமானத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்து சென்னையில் மாறி மதுரை விமானம் ஏறுகிறேன். பெட்டி தானாகவே மதுரைக்குப் போய்விடுமா?

வழக்கமாகப் போகாது. இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில் குடிநுழைவும் சுங்கமும் முடிக்க வேண்டும். டி2வில் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, வெளியே வந்து, டி1 அல்லது டி4க்குப் போய் மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். மேலே சொன்ன 60 நிமிடக் கணக்கு அங்கேயும் உண்டு. தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

நவம்பர், டிசம்பரில் டிக்கெட் போடலாமா? வெள்ளத்தில் மூடிவிடுவார்களாமே?

போடலாம், ஆனால் புயல் பெயர் கேட்டவுடன் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிக்கெட்டாகப் போடுங்கள். 2015 டிசம்பர் 1 இரவு மூடிய விமான நிலையம் 6ஆம் தேதிதான் பயணிகளுக்கு ஒழுங்காகத் திறந்தது. இடைப்பட்ட நாட்களில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள். 2023இல் மிக்ஜாம் புயலின்போது டிசம்பர் 4 அன்று மூடி மறுநாள் காலையில் திறந்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலுக்கு நண்பகலில் மூடி நள்ளிரவுக்குப் பிறகு திறந்தார்கள்.

காரணம் தேடி அதிக தூரம் போக வேண்டாம். விமான நிலையத்தை ஒட்டித்தான் அடையாறு ஓடுகிறது. ஒட்டி என்ன, இரண்டாவது ஓடுபாதையே ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டப்பட்டிருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கும்போது அந்த நீர் போகும் வழியில்தான் விமானங்கள் நிற்கின்றன.

போகிப் பண்டிகை அன்று போகலாமா?

அதிகாலை விமானத்தைத் தவிருங்கள். சிரிக்காதீர்கள், இது உண்மை. மார்கழிப் பனியும் டயர் எரித்த புகையும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போகும். 2018 போகி அன்று விமானங்கள் வரிசையாகத் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அதனால்தான் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் பிளாஸ்டிக், டயர் எரிக்காதீர்கள் என்று ஜனவரி தோறும் வேண்டுகோள் விடுக்கிறார்கள். எங்கள் தெருவில் இப்போது பழைய பாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கண்ணாடி தலையில் விழும் விமான நிலையம் இதுதானே?

இதுவேதான். 2013இல் திறக்கப்பட்ட கட்டடங்களில் கண்ணாடிப் பலகையும் மேற்கூரைத் தகடும் விழுந்துகொண்டே இருந்தன. "இது எத்தனையாவது முறை" என்று பத்திரிகைகள் எண்ணிக்கை வைத்து எழுதின; எண்பதையும் தாண்டியது. இப்போது அந்தப் பேச்சு ஓய்ந்திருக்கிறது.

ஊர் பெயர் சென்னை என்று மாறிவிட்டதே, டிக்கெட்டில் ஏன் எம்.ஏ.ஏ. என்று இருக்கிறது?

மெட்ராஸ் காலத்துக் குறியீடு அது. 1996இல் ஊர் பெயர் மாறியது, குறியீடு மாறவில்லை. மும்பைக்கு இன்னும் பி.ஓ.எம். தான். 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா தொடங்கி வைத்த தபால் விமானம் பம்பாயில் கைமாறி, நெவில் வின்சென்ட் ஓட்டிவந்து மெட்ராஸில்தான் முடிந்தது. பழைய பெயருக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும்.

இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றனவே, பிறகு ஏன் பெங்களூரு முந்திவிட்டது?

இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அதனால் ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதைத் தனிப்பாதைபோலப் பயன்படுத்த முடியாது. பிரதான ஓடுபாதை சுமார் 3.6 கிலோமீட்டர், மற்றது 2.9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் மேலே சொன்ன ஆறு, மற்ற பக்கமெல்லாம் வீடுகள். மொத்த இடமே சுமார் 1,300 ஏக்கர்தான்.

பெங்களூரும் ஹைதராபாத்தும் 2008இல் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிக்கொண்டு போய்விட்டன. 2023-24இல் பெங்களூரு 3.7 கோடிப் பயணிகளைத் தாண்டியது, ஹைதராபாத் 2.5 கோடியைத் தொட்டது, சென்னை 2.1 கோடி. ஆனால் தராசின் மறு தட்டையும் பாருங்கள். பெங்களூரு விமான நிலையம் திறந்து பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே மெட்ரோ போய்ச் சேரவில்லை. நமக்கு மின்சார ரயில், மெட்ரோ, தேசிய நெடுஞ்சாலை மூன்றும் வாசலிலேயே இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைத்தான் நாம் சரியாகச் செய்து தரவில்லை.

பரந்தூரில் புதிய விமான நிலையம் வந்தால் மீனம்பாக்கத்தை மூடிவிடுவார்களா?

பெங்களூரின் எச்.ஏ.எல். விமான நிலையத்தையும் ஹைதராபாத்தின் பேகம்பேட்டையையும் பயணிகள் விமானங்களுக்கு மூடியதால் இந்தப் பயம். சென்னையில் இரண்டையும் சேர்ந்து இயக்குவதாகத்தான் அரசுகள் சொல்லி வந்திருக்கின்றன. 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. 2024இல் இட அனுமதியும் 2025இல் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தன. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், இணையான இரண்டு ஓடுபாதைகள், ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்பது இலக்கு.

இடம் சென்னையின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து மெட்ரோ நீட்டிப்புக்குத் திட்டம் இருக்கிறது. விமானம் இறங்கும் நாளுக்கு முன் ரயில் ஓட வேண்டும். கிளாம்பாக்கத்தில் நடந்தது இங்கே நடந்தால் டாக்சிக் கட்டணம் விமானக் கட்டணத்தைத் தொட்டுவிடும். திட்டத்தில் பதின்மூன்று கிராமங்கள் அடங்கும். அவற்றில் ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து போராடி வருகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தார்கள். அவர்கள் சுட்டிக்காட்டும் ஏரிகளும் கம்பன் கால்வாயும் வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் நின்ற விமானங்களின் படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

அந்தப் பக்கம் மனை மலிவாக வருகிறதாம், வாங்கிப் போடலாமா, தம்பி?

பெரியப்பா, இது ஐந்தாவது முறை. அந்த சர்வே எண் கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா, நீர்நிலைப் புறம்போக்கா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டியலுக்கு வெளியே இருந்தாலும், விமானப் பாதையை ஒட்டிய நிலத்தில் எத்தனை மாடி கட்டலாம் என்பதை விமான நிலைய ஆணையத்தின் உயரக் கட்டுப்பாடுதான் முடிவு செய்யும். எங்கள் பம்மல், அனகாபுத்தூர் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், அந்தச் சான்றுக்கு அலைந்த கதையைச் சொல்வார்கள். விளம்பரத் தாளில் இருக்கும் விமானப் படத்தைக் காட்டி என்னிடம் மறுபடி கேட்க வேண்டாம். வில்லங்கச் சான்றோடு வாருங்கள், பார்க்கலாம்.